உப்புப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை

பூனாவுக்குப் போகிறவர்கள் பூனாவில் இறங்குவார்கள். நான் லோனாவாலாவில் இறங்கினேன். வழி பூராவும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு வந்தவன், "அடுத்தது பூனாதான்" என்று எதிர் சீட்டுக்காரர் சொன்னதும் நிம்மதியாகக் கண்ணை மூடினேன். திறந்தபோது வண்டி ஒரு மலைக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. ஒரு ஆள் என் மடியில் கடலைமிட்டாய்ப் பெட்டியை இறக்கி வைத்து வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தார். பூனா எங்கே என்று கையால் கேட்டேன். வந்த வழியைக் கையால் காட்டினார்.

நான் அரக்கோணத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவன். கடை என்றால் ஒரு புங்கமரம், ஒரு பம்ப், ஒரு தண்ணீர்த் தொட்டி. படிப்பு மூன்றாம் வகுப்பு. அந்த வகுப்பு பிடித்துப்போனதால் அதிலேயே மூன்று வருஷம் இருந்தேன். எழுபதுகளின் கடைசியில் என் தங்கை பிலோமினாவுக்குப் பூனாவிலிருந்து ஒரு வரன் வந்தது. கேம்ப் என்று சொல்கிற கண்டோன்மென்ட் பக்கம் தாத்தா காலத்தில் போய்க் குடியேறிய நம்ம கிறிஸ்தவக் குடும்பம். மாப்பிள்ளைக்கு ஆபீஸ் வேலை. அப்பாவுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. அதனால் வீடு பார்த்து வர என்னை அனுப்பினார்கள். வீட்டில் வேறு ஆண்பிள்ளை இருந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டார்கள்.

அம்மா ரயிலடி வரைக்கும் வந்து புத்தி சொன்னாள். "மாமியா எப்பிடி, வீட்டுப் பொம்பளைங்கள எப்பிடி நடத்துறாங்கோன்னு கண்ணால பாரு. அது போதும். அங்க போயி நீ வாயத் தொறக்காத, இன்னா?"

"சாப்புடுறதுக்குமா?"

"அதுக்கு மட்டும் தொற."

லோனாவாலாவிலிருந்து திரும்ப ஒரு பாசஞ்சர் வண்டி கிடைத்தது. வழியில் தளேகாவ் ஸ்டேஷனில் ஷிப்ட் முடித்த தொழிற்சாலை ஆட்கள் கூட்டமாக ஏறினார்கள். ஒருத்தர் நகர்ந்து இடம் கொடுத்து இந்தியில் ஏதோ கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தி 'அச்சா' ஒன்றுதான். அச்சா என்றேன். இன்னொன்று கேட்டார். அதற்கும் அச்சா. மூன்றாவது அச்சாவுக்கு லோனாவாலாவில் வாங்கிக் கையில் வைத்திருந்த கடலைமிட்டாய்ப் பொட்டலம் ரயில் பெட்டி முழுக்கச் சுற்றிக் காலியாகித் திரும்பி வந்தது. எல்லோரும் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

பூனா பிளாட்பாரத்தில் மாப்பிள்ளை ஸ்டீபன் நின்றுகொண்டிருந்தார். சிவந்த கண், கையில் வாடின ரோஜாமாலை. "மச்சான்? நீங்க மச்சான்தானே? நாலு ஹவர் நின்னேன். வண்டி வந்துச்சு, நீங்க வரலே. அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு டென்ஷன்." தமிழை ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிப் பேசினார். ஆள் நல்லவன் என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன். நாலு மணி நேரம் நின்றும் மாலையைத் தூக்கிப் போடாதவன் பெண்டாட்டியையும் தூக்கிப் போட மாட்டான்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் எனக்கு வாயடைத்துப்போனது. எங்கே பார்த்தாலும் சைக்கிள். சேலையைக் கொசுவிக் கட்டின பொம்பளைகள் சைக்கிளில் போகிறார்கள். வக்கீல் கோட்டுப் போட்ட கிழவர் சைக்கிளில் போகிறார். இத்தனை டியூபும் ஒருநாள் பங்க்சர் ஆகும் என்று நினைத்தபோது, பொண்ணைக் கொடுப்பதற்குப் பதில் நானே இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டால் என்ன என்று தோன்றியது.

வீடு ஒரு சந்துக்குள் ஓடு போட்ட வீடு. மாப்பிள்ளையின் அம்மா ஞானம்மா கட்டையான, கறாரான பொம்பளை. புருஷன் பட்டாளத்து மெஸ்ஸில் சமையல்காரராக இருந்து செத்துப்போனவர். பெரிய மகன் ஆரோக்கியம் ஆகுர்டி பக்கம் வண்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை. அவர் என்னை வந்தவுடனே "மச்சான்" என்று கட்டிப்பிடித்து, லோனாவாலா கதையை மூன்று தடவை சொல்லச்சொல்லிச் சிரித்தார். என் ஜோக்குக்குச் சிரிக்கிற மனுஷனைப் பார்த்தால் நான் உயிரையே கொடுப்பேன். அப்படிப்பட்ட ஆளுக்கு நான் என்ன கொடுத்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அவர் மனைவி சுமன் மராத்திக்காரி, இந்து. காதல் கல்யாணம். எனக்குச் சாப்பாடு வைத்துவிட்டு "பையா, அவுர் கொஞ்சம்?" என்று கேட்டாள். இந்த வயதில் என்னைப் பையா என்கிறாளே என்று முழித்தேன். அங்கே அண்ணனைத்தான் அப்படிச் சொல்வார்களாம். நாங்கள் சோறு சாப்பிட, அவள் அலமாரியில் தனியாக இருந்த ஒரு டப்பாவிலிருந்து மாவெடுத்துக் கையாலேயே தட்டித் தட்டி ஒரு ரொட்டி பண்ணிக்கொண்டாள்.

அவள் பாத்திரம் கழுவப் போனதும் ஞானம்மா என்னிடம் குரலைத் தாழ்த்தினாள். "சோள ரொட்டி இல்லாம அவளுக்கு எறங்காது. அந்த டப்பா அவளோடது, நாங்க யாரும் தொடமாட்டோம். ஒரு வருசம் இவங்கள வீட்டுப் படி ஏத்தலப்பா. ஏரவாடாவுல ஒரு ரூம்ல கெடந்தாங்க. அப்புறம் ஃபாதர் வந்து பேசுனாரு. சரி, வந்து இருங்கடா, பாப்போம்னு சொன்னேன். ரெண்டு வாரம் ஆவுது."

"பாத்தீங்களா அத்தை?"

"ஞாயித்துக்கெழம தேக்சாவ அவ கையில குடுக்கப்போறேன். அதுல பாத்துருவேன்."

தேக்சா என்றால் அவர்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் கறி வேகிற பெரிய செம்புப் பாத்திரம். அதைப் பற்றி முழுசாகத் தெரிந்துகொண்டது சனிக்கிழமை.

சனிக்கிழமை காலை ஸ்டீபன் என்னைக் கேம்ப்பில் ஒரு முஸ்லிம் ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். பல் விளக்கின கையோடு அங்கே ஆட்கள் நிஹாரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்டுக்கால் சதையும் எலும்புமாக முந்தின நாள் ஏற்றி, மெல்லிய தீயிலேயே விடிய விடிய வேகவைத்தது. கரண்டி தேவையில்லை. ரொட்டியைக் காட்டினாலே கறி எலும்பை விட்டு இறங்கி வந்தது. சுக்கும் மிளகும் சோம்பும் ஒன்றையொன்று தள்ளாமல் வரிசையில் வந்தன. பரிமாறினவர் நான் மூன்றாவது ரொட்டி கேட்டதும் ஸ்டீபனிடம் ஏதோ சொன்னார். என்ன என்றேன். "இவரு ஜெயில்லேர்ந்து வந்தாரான்னு கேக்குறாரு" என்றார் ஸ்டீபன். அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

எனக்கு அது புது உலகம். எங்கள் வீட்டில் கறி எப்படி என்றால், அடுப்பில் ஏறி முதல் கொதி வந்ததும் அப்பா ஒரு கிண்ணத்தோடு வருவார். "உப்புப் பாக்குறேன்." ஒரு துண்டு போகும். பிறகு நான் உப்புப் பார்ப்பேன். பிறகு சித்தப்பா, அவர் உப்புப் பார்த்துவிட்டுக் காரமும் பார்ப்பார். வெந்து இறக்குகிறபோது குழம்பில் உருளைக்கிழங்கு மட்டும் நிற்கும். அம்மா திட்டிக்கொண்டே இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவாள். மூடியைத் திறக்காமல் ஒரு கறி வேகும் என்பதே எனக்குத் தெரியாது.

அன்று சாயந்திரம் ஞானம்மா ஆட்டுத்தொடையும் நல்லி எலும்புமாகக் குவித்து வைத்து, தயிர், வறுத்த வெங்காயம், மிளகு, பட்டை, கல்பாசி என்று ஒவ்வொன்றாகப் பூசிக்கொண்டிருந்தாள். சுமன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். விடியும் முன்னால் கரி அடுப்பில் ஏற்றி, மூடியைச் சுற்றிக் கோதுமை மாவால் அடைத்து, மூடி மேலும் நாலு கங்கு வைத்துவிட்டால் மத்தியானம் வரை யாரும் தொடக்கூடாதாம். செத்துப்போன புருஷன் போட்டுவிட்டுப் போன சட்டம்.

"அப்ப எப்பத்தான் உப்புப் பாப்பீங்க அத்தை?" என்று கேட்டேன். உண்மையாகவே சந்தேகம்.

"போடும்போதே கைக்குத் தெரியணும்ப்பா. தொறந்து பாக்குறது சமையல் இல்ல, சந்தேகம்." பிறகு சுமன் பக்கம் திரும்பி இந்தியில் ஏதோ சொன்னாள். சுமன் தலையை ஆட்டிய வேகத்தைப் பார்த்தால் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி இருந்தது. ஆரோக்கியம் எனக்கு மொழிபெயர்த்தார். "நாளைக்கு ஆறு பேரு விருந்துக்கு வர்றாங்க மச்சான். அவங்க முன்னாடி சுமன்தான் மூடியத் தொறக்கணும்னு அம்மா சொல்லிட்டாங்க. இந்த வீட்டுல தேக்சா தொறக்குறவதான் வீட்டுக்காரி. தொறந்துட்டா அப்புறம் எங்கள யாரும் அசைக்க முடியாது." அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் இப்போதும் பார்க்கிறேன்.

ஞாயிறு காலை எனக்குக் கொஞ்சம் வயிற்றுவலி. சனிக்கிழமை நிஹாரிக்கு மேல் வெண்ணெய் தடவின பன் மஸ்கா, அதற்கு மேல் சிவப்பாக எண்ணெய் மிதக்கிற மிசல் குழம்பு என்று வயிற்றை மூன்று ஊர்க்காரர்கள் சேர்ந்து குடியிருக்கிற லைன் வீடு மாதிரி ஆக்கிவைத்திருந்தேன். கொஞ்சம்தான் வலி. ஆனால் வெளியே பல்லைக் கிட்டுகிற குளிர். பூசைக்குப் போகாமலிருக்க அந்தக் கொஞ்சத்தை நிறையவாக்கிக் கம்பளியைப் போர்த்திப் படுத்துக்கொண்டேன். எல்லோரும் பூசைக்குப் போனார்கள். அது முடிந்து கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு விருந்தாளிகளோடு திரும்புவார்கள். சுமன் பூசைக்குப் போகிறவள் இல்லை. அடுப்படியில் தேக்சாவுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாள். கங்கு மங்கினால் ஒரு கரி, எரிந்தால் கொஞ்சம் சாம்பல்.

ஒன்பது மணிக்குச் சந்துக் குழாயில் தண்ணீர் வந்தது. அரை மணிதான் வரும். விட்டால் மறுநாள்தான். சுமன் இரண்டு குடத்தோடு என்னிடம் வந்தாள். "பையா, பானி. பத்து மினிட். பாத்துக்க." தேக்சாவைக் காட்டி, இரண்டு கையையும் அகல விரித்து ஆட்டினாள். தொடாதே என்பதற்கு உலகம் முழுக்க அதுதான் பாஷை. நான் அச்சா என்றேன்.

அவள் போனதும் நான் அடுப்படிக்குப் போனேன். பார்த்துக்கச் சொன்னாளே, பக்கத்தில் போனால்தானே பார்க்க முடியும். மாவு காய்ந்து மூடியைச் சுற்றி டயர் மாதிரி ஒரே வளையமாக உட்கார்ந்திருந்தது. ஒரு இடத்தில் மட்டும் நூல் மாதிரி ஆவி வந்தது. அதில் மூக்கை வைத்தேன். அதோடு என் கதை முடிந்தது. உப்புப் பார்க்கலாம் என்று தோன்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், திருட வேண்டும் என்று தோன்றவில்லை. உப்புப் பார்க்கத்தான் தோன்றியது. விருந்துக்கு வருகிறவர்கள் முன்னால் உப்பு குறைந்தால் பாவம் அந்தப் பெண்ணுக்குத்தானே கெட்ட பேர் என்றுகூட யோசித்தேன். எவ்வளவு நல்லவன் பாருங்கள்.

சைக்கிள் டயரை நெம்புகிற மாதிரி ஒரு கரண்டிக் காம்பை விட்டு நெம்பினேன். மூன்றில் ஒரு பங்கு மாவு உடைந்து வந்தது. மேலிருந்த கங்கை ஒரு பக்கம் ஒதுக்கி, மூடியைச் சாய்த்து ஒரு நல்லி எடுத்தேன். அது என்ன ருசி என்று சொல்ல வார்த்தை வைத்திருந்தால் நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டியிருப்பேன். எலும்பை உறிஞ்சினால் உச்சந்தலையில் மணி அடித்தது. உப்பு சரியாக இருந்தது. இன்னொரு துண்டில் எப்படி இருக்கிறதோ என்று அதையும் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் உப்பு மாறும் இல்லையா, அடியிலிருந்தும் ஒன்று. ஐந்தாவதில்தான் எனக்குப் பயம் வந்தது.

ஒட்டுவது என் தொழில். பதறவில்லை. எலும்பையெல்லாம் சன்னல் வழியாகப் பின்னாலிருந்த சாக்கடைப் பக்கம் வீசினேன். அலமாரியில் முதலில் கைக்கு வந்த டப்பாவைத் திறந்து மாவெடுத்துப் பிசைந்தேன். மாவு என்றால் மாவு, எங்கள் ஊரில் எதையும் ஒட்ட மைதாவோ அரிசிமாவோ போதும். இது இழுபடாமல் கையில் உதிர்ந்தது. பூனா மாவு இப்படித்தான் போலிருக்கிறது என்று தண்ணீரைத் தொட்டுத் தொட்டு அழுத்தி, விரலால் நீவி, பங்க்சர் ஒட்டினவன் பெருமையோடு தள்ளி நின்று பார்த்தேன். திறந்ததில் சூடு போயிருக்குமே என்று அடியில் நாலு கரியும் அள்ளிப் போட்டு விசிறினேன். அப்புறம் கம்பளிக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். சுமன் குடத்தை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு முனகினேன்.

மத்தியானம் ஆறு பேர் வந்து வட்டமாக உட்கார்ந்தார்கள். ஞானம்மா சுமனைக் கூப்பிட்டுத் தன் கையாலேயே கத்தியைக் கொடுத்தாள். "நீயே தொற." சுமன் சேலை முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு, கத்தியை மாவில் வைத்தாள். ஒரே வளையமாகக் கழன்று வர வேண்டியது, ஒரு பக்கம் பொடிப்பொடியாகக் கொட்டியது. நான் ஒட்டின இடமெல்லாம் விரிசல். மூடியைத் தூக்கினதும் வாசனைக்கு முன்னால் கருகல் நாற்றம் வந்தது. ஆவியெல்லாம் விரிசல் வழியாகப் போய், அடி பிடித்துக் கரியாகியிருந்தது. நல்லிகள் குறைந்திருப்பது யாருக்கும் தெரியும்படி ஒரு பக்கம் பள்ளம்.

ஞானம்மா குனிந்து ஒரு மாவுப் பொடியை எடுத்து விரலில் தேய்த்தாள். முகர்ந்தாள். நேரே அலமாரிக்குப் போய்ச் சுமனின் டப்பாவைத் திறந்து பார்த்தாள். "காலையில நான் அடைச்சது கோதும மாவு. இது சோள மாவு." அவள் கத்தவில்லை. "பசிச்சா கேட்டிருக்கலாமே."

அந்த வீட்டில் அந்த டப்பாவைத் தொடுகிற கை ஒன்றுதான் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் அப்போதுதான் அது உறைத்தது.

"நான் தொறக்கல மம்மி" என்றாள் சுமன். அவளுக்குத் தெரிந்த தமிழில் அவ்வளவுதான் வந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை.

அறை முழுக்க மௌனம். மௌனம் என்றால் எனக்கு ஆகாது. இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்: நான்தான். அதற்குப் பதில் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "விடுங்க அத்தை. சோளக்கொல்லைன்னா குருவி கொத்தத்தான் செய்யும்."

ஆறு விருந்தாளியும் சிரித்தார்கள். ஆரோக்கியம்கூட, அவரை அறியாமல், உதட்டோரத்தில் சிரித்துவிட்டார். சுமன் அவர் பக்கம் திரும்பி, நான் சொன்னது என்னவென்று மராத்தியில் கேட்டாள். அவர் குனிந்து கொட்டின மாவைக் கூட்டி அள்ளினார். என் ஆயுசில் எத்தனையோ ஜோக் சொல்லியிருக்கிறேன். ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று கடவுள் சொன்னால் அதுதான்.

திங்கட்கிழமை காலை ஞானம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "நீ சொல்லு தம்பி. நாளைக்கு உன் தங்கச்சி வர்ற வீடு. மூடுனத தொறந்து தின்னுட்டு, பொய்யும் சொல்றவகிட்ட நான் எப்பிடிச் சாவியக் குடுப்பேன்? உங்க வீட்டுல இப்பிடி நடக்குமா?"

எங்கள் வீட்டில் தினமும் நடக்கும் என்று சொல்லியிருக்கலாம். தங்கையின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. "நடக்காது அத்தை" என்றேன்.

அன்றே பெரிய மகன் கிளம்பினார். ஆகுர்டியில் கூட வேலை செய்கிறவர் வீட்டுப் பக்கம் ஒரு அறை இருந்ததாம். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கை, இரண்டு குடம். டெம்போவில் ஏற்றுகையில் நான்தான் டிரங்குப் பெட்டிக்குக் கயிறு கட்டினேன். சைக்கிள் கடைக்காரன் போடுகிற முடிச்சு, லேசில் அவிழாது. சுமன் டெம்போவின் பின்பக்கம் உட்கார்ந்து அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆரோக்கியம் என் தோளில் கைபோட்டுக் கொஞ்ச தூரம் நடந்தார். "பசிச்சுது, தின்னுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அம்மா ரெண்டு திட்டுத் திட்டிட்டு விட்டிருப்பாங்க மச்சான். என்கிட்டயுமா பொய் சொல்லணும்? நேத்து எவ்ளோ கேட்டேன் தெரியுமா? 'தொறக்கல, தொறக்கல'ன்னே நிக்கிறா." அப்போதும் நான் சொல்லவில்லை. அவர் சைக்கிளின் பின்சக்கரத்தில் காற்று குறைந்திருந்தது. பம்ப் வாங்கி அடித்துக்கொடுத்தேன். அன்றைக்கு என்னால் முடிந்த நல்ல காரியம் அதுதான்.

செவ்வாய்க்கிழமை வண்டி ஏறினேன். இந்தத் தடவை தூங்கவே இல்லை. அம்மா கேட்டதற்கு, "மாமியா கறாரு, ஆனா நாயம் தெரிஞ்சவங்க" என்றேன். அந்தக் கோடையில் கல்யாணம் நடந்தது. ஆரோக்கியமும் சுமனும் வரவில்லை. பிலோமினா அந்த வீட்டில் நன்றாகத்தான் வாழ்ந்தாள். மாமியார் அவள் கையில் தேக்சாவைக் கொடுத்தாள். நாலு வருஷத்தில் ஞானம்மா இறந்துபோனாள். பெரிய மகன் மட்டும் வந்து குழிக்கு மண் போட்டுவிட்டு, வீட்டுக்குள் வராமலே திரும்பிப் போனார் என்று தங்கை கடிதம் எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தைப் பக்கத்துக் கடைக்காரர் எனக்குப் படித்துக் காட்டினார். படித்தவருக்கு அதில் ஒன்றும் இல்லை. எனக்கு அன்றைக்கு ஒரு டியூபும் ஒட்டவில்லை.

எண்பதுகளின் நடுவில், தங்கை மகள் கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்காக மறுபடியும் பூனா போனேன். ஊரில் சைக்கிள் குறைந்து ஸ்கூட்டர் பெருகியிருந்தது. இரண்டாவது நாள் யாரிடமும் சொல்லாமல் ஆகுர்டிக்கு லோக்கல் வண்டி ஏறினேன். ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கிவிட்டேன். இந்தத் தடவை தூக்கமில்லை, பயம். மீதி தூரத்தைத் தொழிற்சாலைச் சுவரோரமாக நடந்தேன்.

சுமன் தனியாக இருந்தாள். ஆரோக்கியம் முதல் ஷிப்ட். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். எட்டு வருஷத்தில் அவள் தமிழ் என் தங்கை தமிழைவிட நன்றாக ஆகியிருந்தது. நான் வழியெல்லாம் மனப்பாடம் பண்ணினதை ஒப்பிக்க ஆரம்பித்தேன். "அண்ணி, அன்னிக்கு அந்த தேக்சாவ…"

"தெரியும் பையா."

"இன்னா தெரியும்?"

"மூடியத் தொறந்தப்பவே தெரிஞ்சுபோச்சு. தண்ணி எடுத்துட்டு வந்தப்ப நீங்க கம்பளியப் போத்திட்டு முனகுனீங்க. கம்பளி பூரா மாவு."

டம்ளரைக் கீழே வைத்தேன். "அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா கல்யாணம் நின்னுடும். உங்க தங்கச்சிய நான் பாத்ததுகூட இல்ல. அவ என்ன தப்பு பண்ணா?" டம்ளரை நகர்த்தி வைத்தாள். "நீங்களே சொல்வீங்கன்னு நெனச்சேன். அன்னிக்குப் பூரா நெனச்சேன். மறுநாள் எங்க பொட்டிக்குக் கயிறு கட்டுனீங்க பாருங்க, அப்பத்தான் நெனக்கிறத விட்டேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு, கேம்ப்புக்குப் போய் இப்போதே தங்கையிடமும் ஸ்டீபனிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"அவங்களுக்கு எதுக்கு? மம்மியும் போயிட்டாங்க. அந்த வீடு எனக்கு இப்ப வேணாம்." குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் உடைந்தது. "இவருகிட்ட சொல்லுங்க. நல்ல மனுசன்தான். அடிச்சதில்ல, திட்டுனதில்ல. ஆனா நான் எது சொன்னாலும் ஒரு தடவ என் மூஞ்சியப் பாப்பாரு, நெசமான்னு. சக்கர தீந்துபோச்சுன்னு சொன்னாக்கூட. எட்டு வருசம்."

மூன்றரை மணிக்கு ஆரோக்கியம் வந்தார். வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்ததும் "அடே மச்சான்! இந்தத் தடவ எந்த ஸ்டேஷன்ல எறங்குன?" என்று கட்டிப்பிடித்தார். காதோரம் நரைத்திருந்தது. உட்காரவைத்து, மூச்சு விடாமல் சொன்னேன். கரண்டிக் காம்பு, ஐந்து நல்லி, மாவு டப்பா, கரி, விசிறி எல்லாம்.

அவர் கண்ணை அகல விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாவது நல்லி வந்தபோது சிரிக்க ஆரம்பித்தார். உப்புப் பார்த்த இடத்தில் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"அண்ணே, ஜோக்கு இல்ல. நெசமாத்தான் சொல்றேன். மாதா மேல சத்தியம்."

"போதும் மச்சான், வயிறு வலிக்குது!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்து, குரலைக் கொஞ்சம் இறக்கினார். "புரியுது. எங்க ரெண்டு பேருக்காக இவ்ளோ தூரம் வந்து பழிய உன் தலைமேல போட்டுக்கிற. பெரிய மனசு. அதெல்லாம் பழசு, நான் மறந்துட்டேன். அவளயும் எப்பவோ மன்னிச்சுட்டேன்."

இன்னும் இரண்டு தடவை சொன்னேன். சொல்லச் சொல்ல அவருக்குச் சிரிப்புத்தான் அதிகமானது. நான் அழுதுவிட்டேன். அதற்கும் சிரித்தார். நான் அழுது அவர் பார்த்ததில்லை. அதையும் நடிப்பு என்று நினைத்துக்கொண்டார்.

சுமன் கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "வண்டிக்கு நேரமாச்சு, பையாவ அனுப்பி வையிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆரோக்கியம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் என்னோடு நடந்து வந்தார். வழியில் எதிர்ப்பட்ட ஷிப்ட் ஆட்களிடமெல்லாம் என்னைக் காட்டி, மராத்தியில் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர்களும் சிரித்து என் முதுகில் தட்டினார்கள். வண்டி நகர்ந்தபோதும் அவர் பிளாட்பாரத்தில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கையாட்டிக்கொண்டிருந்தார்.